முத்திரைத்தாளில் எழுதியதும் எழுதாததும்

சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ வாடகைக்கு வீடு பிடித்த பெரும்பாலானவர்களிடம் இந்தக் காகிதம் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் உள்ள கடையில், கணினியில் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் மாதிரியில் பெயரையும் முகவரியையும் தொகையையும் மாற்றி, சில நிமிடங்களில் அச்செடுத்துத் தருகிறார்கள். வீட்டுக்காரர் ஒரு கையெழுத்து, குடிவருபவர் ஒரு கையெழுத்து, சாட்சிக்கு இரண்டு பேர். பலரும் அதை முதல் முறையாக நிதானமாகப் படிப்பது வீட்டைக் காலி செய்யும் வாரத்தில்தான். அதற்குள் அட்வான்ஸ் பணத்தில் கழிவு தொடங்கியிருக்கும்.

இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, சட்டம் அங்கே எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காரணம், இந்த மாதிரிகளின் வாசகம் பழைய காலத்தது, சட்டம் மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வீட்டுத் தட்டுப்பாட்டில் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1946, 1949 ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக 1960-ஆம் ஆண்டின் சட்டமாக நிலைபெற்று, ஏறக்குறைய அறுபது ஆண்டு தமிழ்நாட்டில் நடைமுறையில் இருந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 அன்று நடைமுறைக்கு வந்தபோது அது நீக்கப்பட்டது. கடைக்காரரின் கணினிக்குள் இருக்கும் மாதிரிக்கு இந்தச் செய்தி பெரும்பாலும் போய்ச் சேரவில்லை.

“நம்மில் 1-வது நபருக்குப் பாத்தியப்பட்டு அவரது சுவாதீன அனுபவத்தில் இருந்துவரும், அடியில் சொத்து விவரத்தில் கண்ட வீட்டை, 2-வது நபர் தாமும் தம் குடும்பத்தாரும் குடியிருக்க வாடகைக்குக் கேட்டு, 1-வது நபரும் அதற்குச் சம்மதித்து எழுதிக்கொண்ட வாடகை ஒப்பந்தம்.”

பாத்தியப்பட்டது என்று எழுதிவிட்டால் பாத்தியம் வந்துவிடாது. கையெழுத்துப் போடுபவர் உரிமையாளரின் மகனாக இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியாக இருக்கலாம். பாகம் பிரியாத சொத்தில் ஒரு பங்குக்காரராக இருக்கலாம். இவர்களிடம் அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறியவர், பிறகு வேறொரு பங்குக்காரர் வந்து “உன்னை யார் வைத்தது” என்று கேட்கும்போது திகைத்து நிற்கிறார். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பு அட்டையும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்ப்பது அவமதிப்பு ஆகாது. பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் கையெழுத்திடுகிறார் என்றால் அதன் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். ஆதார் நகலும் அலுவலக அடையாள அட்டையும் வாடகைதாரரிடம் வாங்கும் வீட்டுக்காரர், தம் ஆவணத்தைக் காட்டுவதில் தவறேதும் இல்லை.

இந்த முதல் வரி சொல்லாமல் விடுவது ஒன்று: வீடு கை மாறினால் என்ன ஆகும்? சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 109-வது பிரிவுப்படி, வீட்டை வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். வீடு விற்றதாலேயே குடியிருப்பு முறிவதில்லை. ஆனால் அட்வான்ஸ்? விற்றவர் “வாங்கியவரிடம் கேளுங்கள்” என்பார். வாங்கியவர் “என் கைக்கு வரவில்லை” என்பார். வீடு விற்கப்படும் செய்தி தெரிந்தவுடன், அட்வான்ஸ் தொகை யாருடைய பொறுப்பு என்று மூவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

“இந்த வாடகைக் கெடு இன்றைய தேதி முதல் 11 மாதங்கள் மட்டுமே. கெடு முடிந்ததும் 2-வது நபர் எவ்வித ஆட்சேபணையும் இன்றி வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டியது.”

ஏன் பதினொன்று? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. பதினொரு மாதம் என்று எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிச்சம். காரணம் இவ்வளவுதான். காலப்போக்கில் இதைச் சுற்றி ஒரு நம்பிக்கை வளர்ந்துவிட்டது: ஒரு வருடம் தாண்டினால் குடியிருப்பவருக்கு உரிமை வந்துவிடும், பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடே அவருக்குச் சொந்தம்.

இந்தப் பன்னிரண்டு வருட அச்சத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். எத்தனையோ நல்ல வாடகைதாரர்கள் இதன் பொருட்டே வீடு மாறியிருக்கிறார்கள். எதிரிடை அனுபவத்தின் பேரில் உரிமை கோர வேண்டுமானால், உரிமையாளருக்கு எதிராக, அவர் அறியும்படி, தனக்கே சொந்தம் என்ற நிலையில் ஒருவர் சொத்தை அனுபவித்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் அனுமதியில் இருக்கிறார். மாதம்தோறும் கொடுக்கும் வாடகையே ‘வீடு உன்னுடையது’ என்று அவர் எழுதிக் கொடுக்கும் ஒப்புதல். வாடகை கொடுத்துக்கொண்டு முப்பது வருடம் இருந்தாலும் அவர் வாடகைதாரர்தான். அச்சப்பட வேண்டிய இடம் வேறு: வருடக் கணக்கில் வாடகையும் வாங்காமல், ஒப்பந்தமும் எழுதாமல், உறவினர் இருக்கட்டும் என்று வீட்டை மறந்துவிடுவது.

ஆனாலும் வீட்டுக்காரர்களின் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஒரு வாடகைதாரரை வெளியேற்ற வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றச் சீராய்வு என்று அலைந்து முதுமை அடைந்தவர்கள் உண்டு. நியாய வாடகையைச் சொத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்கிட்ட சட்டம் அது. கடைகளுக்கு 12 சதவீதம். சென்னையின் பழைய கடைத்தெருக் கட்டடங்களில் காலத்துக்கு ஒவ்வாத வாடகை நீடித்ததை ஊரே அறியும். ஓய்வூதியம் இல்லாத ஒரு விதவைக்கு மாடிப் போர்ஷனின் வாடகைதான் மருந்துச் செலவு. அதை வாங்க நீதிமன்றம் ஏறி இறங்கியவரின் பிள்ளைகள்தான் இன்று பதினொரு மாதத்தில் ஒரு நாள் கூடக் கூடாது என்கிறார்கள்.

இப்போதைய நிலை என்ன? நகர்ப்புறங்களில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்கிறது. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. காலம் எவ்வளவு என்று இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. ஆகவே பதினொரு மாதம் என்று போட்டுப் பதிவிலிருந்து தப்பும் வழி சார்பதிவாளர் அலுவலகத்தோடு முடிந்துவிட்டது. அரசுக் கட்டடங்கள், நிறுவனங்கள் தம் ஊழியர்க்குத் தரும் குடியிருப்புகள் போன்றவைதான் இதற்கு விலக்கு.

கெடு முடிந்த பிறகும் குடியிருந்தால்? புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருக்கும் நிலையில், அதே நிபந்தனைகளோடு மாதத்துக்கு மாதம் தொடர்வதாகச் சட்டம் கொள்கிறது. ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குப் பிறகும் இருப்பவரிடம் வாடகையின் இரு மடங்கில் தொடங்கும் இழப்பீட்டை வீட்டுக்காரர் கேட்கலாம். “பேசிக்கொள்ளலாம், சார்” என்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஓட்டும் இரு தரப்பும் இந்த ஆறு மாதத்தை நினைவில் வைக்க வேண்டும்.

“வாடகை மாதம் ஒன்றுக்கு ரூ.12,000. இதனைப் பிரதி மாதம் 5-ந் தேதிக்குள் தவறாமல் செலுத்தி வர வேண்டியது.”

இந்த வாசகத்தில் ரசீது என்ற சொல்லே இல்லை. ரசீது பெறுவது வாடகைதாரரின் உரிமை. கையில் பணமாக வாங்கிக்கொண்டு ரசீது தர மறுப்பவர்கள் பெரும்பாலும் வருமான வரியை எண்ணி மறுக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் பழைய வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கேட்டால், ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஆண்டுக்கு ரூ.1,44,000. பான் எண் தர மாட்டேன் என்று வீட்டுக்காரர் நிற்க, அதைப் பேசித் தீர்க்காமல் குடியேறியவர் தை மாதம் அலுவலகத்தில் ஆவணம் கேட்கும்போது விழிக்கிறார். இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்பினால் அந்தப் பதிவே சான்று. காலி செய்ய வைக்கும் நோக்கத்தோடு வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பிறகு ‘பாக்கி’ என்று வழக்குப் போடுவது பழைய உத்தி. அதற்குச் சட்டத்தில் மாற்று உண்டு: வாங்க மறுத்தால் பணவிடை போன்ற வழியில் அனுப்ப வேண்டும், அதையும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். மறுத்துவிட்டாரே என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் ஆபத்து.

வாடகை உயர்வைப் பற்றி இந்த மாதிரி மௌனமாக இருக்கும். இருந்தாலும் “ஆண்டுக்கு 5 சதவீதம்” என்று ஒரு வரி பேனாவால் சேர்க்கப்படும். எழுதியதுதான் செல்லும். கெடுவுக்கு நடுவில், ஒப்பந்தத்தில் இல்லாத உயர்வைக் கேட்க முடியாது. இருவருக்கும் ஒத்து வராவிட்டால் வாடகையை நிர்ணயிக்க வாடகை அதிகாரியை நாடலாம்.

“2-வது நபர் இன்று ரூ.1,20,000 வட்டியில்லா முன்பணமாகச் செலுத்தியுள்ளார். வீட்டைக் காலி செய்யும்போது வாடகைப் பாக்கி, மின் கட்டணப் பாக்கி, பழுது முதலியவற்றுக்குக் கழித்துக்கொண்டு மீதியை 1-வது நபர் திருப்பித் தர வேண்டியது.”

வாடகைச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஒரு பத்தியிலிருந்து வருகிறது. பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையில் ஊறிய பழக்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நம் கணக்கில் ரூ.36,000. அப்படியானால் எப்படிப் பத்து மாதம் இன்னும் வாங்குகிறார்கள்? ‘மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்ற விலக்கோடுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. மாறாக எழுதிக் கையெழுத்திட்டால் மூன்று மாத வரம்பு பயனற்றுப் போகிறது. வீடு கிடைக்க வேண்டுமே என்று நிற்பவர் எதற்கும் கையெழுத்திடுவார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. இந்த விலக்கு இருக்கும்வரை அந்த வரம்பு ஏழைக்கு உதவாது. அதை எடுத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எப்போது திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்வதில்லை. சட்டம் சொல்கிறது: காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக. நடைமுறையில் “அடுத்த ஆள் வந்ததும் அவர் தரும் அட்வான்ஸிலிருந்து தருகிறேன்” என்பதுதான் பதில். வாங்கிய பணம் வீட்டுக் கடனிலோ பெண்ணின் கல்யாணத்திலோ போய்விட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வாடகைதாரரின் பணம். அவரும் அதை நம்பித்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் பேசியிருக்கிறார். இதனால் பலர் கடைசி மாதங்களில் வாடகை தராமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவர்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் அது பாக்கியாகவே எண்ணப்படும், வெளியேற்றக் காரணமும் ஆகும். சாவி ஒப்படைக்கும் நாளில் அட்வான்ஸ் மீதித் தொகை, தரும் தேதி இரண்டையும் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

‘பழுது முதலியவற்றுக்கு’ என்பதில் உள்ள ‘முதலிய’ என்ற நாலெழுத்துக்குள் எதையும் நுழைக்கலாம். அதை அடுத்த ஷரத்தில் பார்ப்போம். அதற்கு முன், அட்வான்ஸோடு ஒட்டிய வேறொன்றையும் சொல்ல வேண்டும்.

மாத வாடகை இல்லாமல் 5 லட்சமோ 8 லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, திரும்ப வாங்கும்வரை குடியிருக்கும் ஏற்பாட்டை ‘லீஸ்’ என்றும் ‘ஒத்தி’ என்றும் ‘போக்கியம்’ என்றும் சொல்கிறார்கள். வாடகை கட்ட முடியாத, ஆனால் ஒரு சேமிப்பு கையில் உள்ள குடும்பங்களுக்கு இது ஆசை காட்டும் வழி. சட்டத்தின் கண்ணில் இது பெரும்பாலும் அனுபவ பாத்திய அடமானம். நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால்தான் செல்லும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவு. பல லட்ச ரூபாயை வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியவர், அதே வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பதை அறிவிப்புத்தாள் கதவில் ஒட்டப்பட்ட பிறகே அறிகிறார். வங்கி தன் கடனுக்கு வீட்டை எடுக்க வரும்போது, அடமானத்துக்குப் பிந்திய, பதிவாகாத ஒப்பந்தத்தோடு குடியிருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. 2014-இல் ஹர்ஷத் கோவர்தன் சோண்டாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கி வந்தவுடன் எல்லா வாடகைதாரரும் வெளியேற வேண்டியதில்லை என்று சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு முறையான குத்தகை வைத்திருப்பவருக்கு. லீஸுக்குப் போகிறவர் வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. பதிவு செய்ய மறுக்கும் வீட்டுக்காரரிடம் லீஸ் பேசவே கூடாது.

“2-வது நபர் வீட்டைத் தற்போதுள்ள நல்ல நிலையிலேயே வைத்திருந்து ஒப்படைக்க வேண்டியது. சுவர்களில் ஆணி அடித்துச் சேதப்படுத்தக் கூடாது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ள 2-வது நபர் சம்மதிக்கிறார்.”

தற்போதுள்ள நிலை எது என்று ஒப்பந்தம் எழுதுவதில்லை. குளியலறைக் குழாய் ஏற்கெனவே சொட்டியதா, சமையலறைச் சுவரில் ஈரம் இருந்ததா, ஜன்னல் கண்ணாடி விரிசல் பழையதா? குடியேறும் நாளில் கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் தேதியோடு சான்று நிற்கும். வீட்டுக்காரருக்கும் அது பயன்தான். உண்மையிலேயே உடைத்தவர் மறுக்க முடியாது.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டட அமைப்பில் ஏற்படும் பழுது, சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின் கம்பிகளின் பராமரிப்பு ஆகியவை வீட்டுக்காரருடையவை. திருகு குழாயும் அதன் வாஷரும், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, கைகழுவும் தொட்டி, கீசர் ஆகியவற்றின் பழுது, ஸ்விட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி ஆகியவை குடியிருப்பவருடையவை. இயல்பான தேய்மானத்துக்கு எவரும் பொறுப்பல்ல. ஐந்து வருடம் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டின் சுவர் மங்கும். மின்விசிறிக்கு மேலே கருமை படியும். அது சேதம் இல்லை.

அப்படியானால் வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகை? அட்டவணை அதை வீட்டுக்காரரின் வேலை என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. ஆகவே இந்த வரியில் கையெழுத்திட்டவர் பின்னால் மறுப்பது கடினம். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசலாம்: ஓராண்டுக்குள் காலி செய்தால் கழிவு கிடையாது, அல்லது உண்மைச் செலவுக்கு மட்டும் ரசீதோடு கழிவு. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதற்கு இணங்கி வருவார்கள், கேட்டால்.

கூரை ஒழுகுகிறது, பலமுறை சொல்லியும் பார்க்கவில்லை. வாடகைதாரர் தாமே சரி செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. எழுத்தில் தெரிவித்துவிட்டு, வேலைக்கான ரசீதை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

“மின் கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் 2-வது நபரே செலுத்திக்கொள்ள வேண்டியது.”

தனி மீட்டர் இருந்தால் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது அந்த இணைப்பில் குடியிருப்பவருக்குச் சேர வேண்டியது. ஒரே இணைப்பில் நான்கு போர்ஷன் இருந்து, உள் மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் இடத்தில்தான் மனக்கசப்பு. யூனிட் விலையையும், பொது மோட்டார் செலவை யார் எப்படிப் பகிர்வது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்; உண்மையான மின் கட்டண ரசீதைப் பார்க்கும் உரிமையையும் சேர்க்க வேண்டும்.

தண்ணீர் இன்னும் கடுமையானது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை. அடுத்த வறட்சி வருவதற்கு முன் எழுதிக்கொள்ள வேண்டிய வரி அது.

சட்டம் திட்டவட்டமாகச் சொல்வது ஒன்று: என்ன தகராறாக இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கழிவுநீர் வசதி ஆகியவையும் இதில் அடங்கும். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். விசாரணை முடியும்வரை காத்திராமல் இணைப்பைத் திரும்பக் கொடுக்க அவர் இடைக்கால உத்தரவு போடலாம். கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டில் மோட்டாரை நிறுத்தி ஒருவரை வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பது, பாக்கி எவ்வளவு இருந்தாலும், மன்னிக்கத் தக்கதல்ல.

“2-வது நபர் வீட்டை உள்வாடகைக்கு விடக் கூடாது. வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது. வெளியாட்களைத் தங்க வைக்கக் கூடாது.”

உள்வாடகைத் தடை நியாயமானது. சட்டமும் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விடக் கூடாது என்றே சொல்கிறது. மற்ற இரண்டும் வேறு வகை. ஊரிலிருந்து வரும் மாமியார் வெளியாளா? பிரசவத்துக்கு வரும் தங்கை? எத்தனை நாள்? எழுதாத வரையில் வீட்டுக்காரரின் மனநிலைதான் அளவுகோல்.

அசைவம் பற்றிய வரி பெரும்பாலும் உணவைப் பற்றியதே அல்ல. “என்ன ஆளுங்க?” என்று நேரே கேட்கத் தயங்கும் இடத்தில் “நான்வெஜ் சாப்பிடுவீங்களா?” என்று கேட்கிறார்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் வீடு வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதை 1955-ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. “வீடு ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு” என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பதை நிரூபிப்பது கடினம். அதனாலேயே வழக்குகள் அரிது, மறுப்புகள் அன்றாடம். நல்ல வேலையும் கையில் பணமும் இருந்தும் பெயரையோ ஊரையோ சொன்னதும் வீடு மறுக்கப்படும் இளைஞர்களுக்கு, இந்தக் கட்டுரை பேசும் மற்ற எந்தத் தகராறும் பெரிதாகத் தெரியாது. அவர்கள் ஒப்பந்தம் வரைக்கும் வந்தே சேரவில்லை.

“1-வது நபர் எந்த நேரத்திலும் வீட்டைப் பார்வையிட வரலாம்.”

வர முடியாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்து, காரணமும் தேதியும் நேரமும் சொல்லித்தான் வர வேண்டும். வெள்ளமோ தீயோ போன்ற அவசரம் வேறு.

“இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தாலோ மேற்கண்ட ஷரத்துகளை மீறினாலோ, 1-வது நபர் முன்னறிவிப்பு ஏதுமின்றி வீட்டைப் பூட்டிச் சுவாதீனம் எடுத்துக்கொள்ள 2-வது நபர் இதன்மூலம் சம்மதிக்கிறார்.”

மொத்த ஒப்பந்தத்திலும் வாடகைதாரரை அதிகம் பயமுறுத்தும் வரி இது. சட்டத்தில் இதற்கு எந்த மதிப்பும் இல்லை. முன்கூட்டியே சம்மதித்துவிட்டார் என்பதால் ஒருவரைத் தெருவில் நிறுத்த முடியாது. உரிமை இல்லாதவரானாலும், அமைதியாகக் குடியிருந்து வருபவரைச் சட்ட வழி இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்பதை 1989-இல் கிருஷ்ணராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. பூட்டி வெளியே தள்ளப்பட்டவர், குறித்த நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் திரும்பப் பெறலாம். பூட்டை உடைத்து உள்ளே போகாமல், அன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

வீட்டுக்காரருக்குச் சட்டம் தரும் வழி வாடகை நீதிமன்றம். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-வது பிரிவில் காரணங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன: எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது, வாடகைப் பாக்கி, சம்மதமின்றி உள்வாடகை, சொன்ன பிறகும் தொடரும் தவறான பயன்பாடு, இடித்துக் கட்டவோ பெரிய பழுது பார்க்கவோ தேவை, சொந்தக் குடியிருப்புக்குத் தேவை என. இரண்டு மாத வாடகைப் பாக்கிக்கு முதலில் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தால் வெளியேற்ற முடியாது. திரும்பத் திரும்பப் பாக்கி வைப்பவருக்கு இந்தச் சலுகை நீடிக்காது. வழக்கு நடக்கும் காலத்திலும் வாடகை கட்டியே ஆக வேண்டும். வழக்குப் போட்டார்களே என்று வாடகையை நிறுத்துபவர், நல்ல வழக்கையும் தாமே தோற்கடித்துக்கொள்கிறார்.

பழைய மாதிரிகளில் “15 நாள் நோட்டீஸ்” என்ற வரி இன்னும் வருகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவிலிருந்து வந்தது அது. நகர்ப்புற வீடுகளுக்கு நோட்டீஸ் மட்டும் போதாது. காரணமும் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். சொந்தத் தேவைக்கு வீடு கேட்கும் முதியவர்களுக்கு இது சுமைதான். வழக்குகள் விரைந்து முடியும் என்ற வாக்குறுதியோடு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், போதிய நீதிபதிகளும் அலுவலர்களும் இல்லாமல் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது.

“இதில் கண்ட ஷரத்துகளை இருவரும் படித்துப் பார்த்து, முழு மனதுடன் சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துச் செய்தோம்.”

அசல் வீட்டுக்காரரிடம், நகல் வாடகைதாரரிடம் என்ற வழக்கத்தை விட வேண்டும். இரண்டு அசல் அச்செடுத்து இருவரும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ள வேண்டும். பேனாவால் திருத்திய இடத்திலெல்லாம் இருவரும் சுருக்கொப்பமிட வேண்டும். மின்விசிறி, கீசர், அலமாரி, சாவிகள் என்று வீட்டோடு தரப்பட்டவற்றின் பட்டியலை, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கமாகச் சேர்த்து அதிலும் கையெழுத்து வாங்க வேண்டும்.

பிறகு பதிவு. “பதிஞ்சா வரி கேட்பான்” என்று வீட்டுக்காரர் தயங்குவார். “நமக்கென்ன” என்று வாடகைதாரர் விட்டுவிடுவார். ஆனால் பதிவு செய்யப்பட வேண்டிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாவிட்டால், அதைச் சான்றாகக் காட்டுவதற்கு அதே சட்டத்தின் 4-ஏ பிரிவு தடை வைத்திருக்கிறது. அட்வான்ஸ் கேட்டுப் போகும் வாடகைதாரரும், பாக்கி கேட்டுப் போகும் வீட்டுக்காரரும் அங்கே ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே பதிவேற்றலாம். பதிவு எண் வந்ததும் அதை இரண்டு அசல்களின் முதல் பக்கத்திலும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.